முதல் அரைமணி

சுவரில் அச்சடித்த சட்டம் எதையாவது ஒட்டியிருந்தால் இன்றைக்கும் அந்தப் பக்கம் பார்க்காமல் தாண்டிப் போய்விடுவேன். இத்தனை வயதாகியும் இந்த இழவு என்னை விடவில்லை. ஆண்டர்சன்பேட்டையில் ஓடு வேய்ந்த கொட்டகையில் ஆபீஸ் கணக்கும் இங்கிலீஷ் கடிதமும் நான் படித்த கமர்ஷியல் கிளாசில் பிடித்த பயம் அது.

அப்போது எனக்கு இருபது வயது. தங்கச் சுரங்கத்தில் கல் அள்ளிக்கொண்டிருந்தேன். தைரியசாலி என்று யாராவது என்னைச் சொன்னால் நம்பாதீர்கள். ஆட்களை இறக்குகிற இரும்புக் கூண்டு, அந்தக் கேஜில் ஏறி அது கீழே விழுவதுபோல் இறங்கும்போதெல்லாம் கண்ணை இறுக்க மூடிக்கொள்வேன். ஏர்பிளாஸ்ட் என்போம், பாறை தானாகவே வெடித்துச் சிதறும், ஊரே குலுங்கும். ஒவ்வொரு தடவையும் தப்பித்தோம் என்று மூச்சு விட்டுவிட்டு மறுநாள் திரும்ப இறங்குவேன். மேலே ஆபீசில் ஒரு நாற்காலி கிடைத்தால் போதும், ஆயுசுக்கும் இறங்க வேண்டாம். அதற்குத்தான் அந்தப் படிப்பு.

என் ஜோடிக்காரனும் என்னோடு சேர்ந்தான். கீழே அதே லெவலில் வேலை, என்னைவிட இரண்டு வயது பெரியவன். உறவு ஒன்றுமில்லை, ஆனாலும் மச்சான் என்றுதான் கூப்பிடுவேன். எனக்கு நேர் எதிர். கேஜ் இறங்கும்போது பாட்டுப் பாடுவான், பாவி.

வாத்தியார் சென்னையில் காலேஜ் படித்தவர். முதல் நாளே சுவரில் ஒட்டியிருந்த தாளை எங்கள் எல்லோரையும் உரக்கப் படிக்க வைத்துக் கையெழுத்து வாங்கினார். நாலு மணிக்குக் கதவு சாத்தப்படும். மூன்று நாள் வராதவன் பெயர் அடிக்கப்படும். ஒருவனுக்காக இன்னொருவன் ஆஜர் சொன்னால் இரண்டு பேரும் வெளியே. பரீட்சையில் முதல் அரைமணிக்குள் எழுந்து போகிறவனுடைய தாள் செல்லாது, வகுப்பிலும் இடமில்லை. அரைமணி கழிந்தபின் தாளைக் கொடுத்துவிட்டுப் போகலாம்.

"இது என் சட்டமில்லை, ஆபீஸ் சட்டம். ஆபீசில் உட்கார ஆசைப்படுகிறவன் இப்போதே பழகிக்கொள்ளுங்கள்" என்றார்.

ஒருவனுக்காக இன்னொருவன் ஆஜர் சொல்லக்கூடாது என்றதும் மச்சான் என் விலாவில் இடித்தான். "இன்னாடா இது, நாம தினம் பண்றதே அதானே!"

அவன் சொன்னது பில்லையைப் பற்றி. கீழே இறங்குகிற ஒவ்வொருவனுக்கும் நம்பர் வெட்டிய பித்தளைப் பில்லை ஒன்று உண்டு. இறங்கும்போது டைம் ஆபீஸ் ஜன்னலில் வாங்கிக்கொண்டு போக வேண்டும், ஏறியதும் திருப்பிக் கொடுக்க வேண்டும். பலகையில் பில்லை தொங்கினால் ஆள் மேலே, ஆணி வெறுமையாக இருந்தால் ஆள் கீழே. ஷிப்ட் முடிந்து கொஞ்ச நேரத்தில் ஜன்னலைச் சாத்திவிடுவார்கள். தவறவிட்டவன் கெஞ்சிக்கொண்டு மணிக்கணக்கில் நிற்க வேண்டும். அதனால் எங்களுக்குள் ஒரு வழக்கம். முதல் கேஜில் ஏறுகிறவன் ஜோடியின் பில்லையையும் வாங்கி வந்து சேர்த்துக் கொடுத்துவிடுவான். அடுத்த கேஜில் அவன் வந்துவிடுவான். கம்பெனிக்குத் தெரிந்தால் வேலை போய்விடும். ஆனாலும் எல்லோரும் செய்தோம்.

பரீட்சை நாளன்று மூன்று மணிக்கு ஷிப்ட் முடிந்தது. கேஜ் பக்கம் நடந்தபோது மேஸ்திரி மச்சானை மட்டும் நிறுத்தினார், தண்டவாளத்தை விட்டு இறங்கிய தள்ளுவண்டியைத் தூக்கி வைக்கச் சொல்லி.

"நீ போடா. என் பில்லையையும் குட்த்துடு. அடுத்த கேஜ்ல வந்து நேரா கிளாசுக்கு ஓடியாந்துடறேன்" என்றான்.

கொடுத்தேன். இரண்டையும் ஒரே கையால் ஜன்னலில் வைத்தேன். என்னோடு ஏறிவந்த மேஸ்திரி அதற்குள் வீட்டுக்குப் போயிருந்தார்.

நாலு மணிக்குக் கதவைச் சாத்தினார்கள். என் பக்கத்து இடம் காலி. கேள்வித்தாளைப் புரட்டிப் பெயர் எழுதியிருப்பேன், தரை குலுங்கியது. மைக்கூடு ஆடி பெஞ்சில் மை தெறித்தது. ஓட்டுத் தூசி கொட்டியது. எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்தோம். வாத்தியார் மட்டும், "எழுதுங்கள்" என்றார்.

ஐயையோ, அந்த நேரத்தை நான் என்னவென்று சொல்வேன்! அடுத்த ஷிப்ட் இறங்க ராத்திரி ஆகும். மச்சான் கீழே இருந்தால் தேட ஒரு நாய் போகாது. அவன் பில்லை பலகையில் தொங்குகிறது. அவன் மேலே இருப்பதாகக் கணக்கு. அங்கே தொங்க விட்டது நான்.

எழுந்தால் வகுப்பு போச்சு. போய்ச் சொன்னால் வேலையும் போச்சு. எங்கள் ஊருக்குத் திரும்பினால் அங்கே ஒரு குழி நிலம்கூடக் கிடையாது. மனசு ஒவ்வொரு சாக்காகத் தேடியது. அவன் ஏறியிருப்பான். குளிக்கப் போயிருப்பான். தாமதமாக வந்து சாத்திய கதவுக்கு வெளியே என்னைத் திட்டிக்கொண்டு நிற்கிறான். கதவையே பார்த்தேன். யாரும் தட்டவில்லை. கடிகாரத்தைப் பார்த்தேன். நாலு பத்து.

முதல் கேள்வி, அனுப்பிய சரக்கு வந்து சேரவில்லை என்று ஒரு வியாபாரிக்குக் கடிதம். எழுதினேன். கோணல் இல்லாமல், இங்கிலீஷில், அழகாகவே எழுதினேன். இரண்டாவதையும் எழுதினேன். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. பெரிய முள் ஆறில் வந்து நின்றதும் எழுந்து தாளைக் கொடுத்தேன். வாத்தியார் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டார். அதற்கப்புறம்தான் ஓடினேன்.

கேஜ் இறங்குகிற ஷாப்ட் வாசலில் கூட்டம். டைம் கிளார்க் பலகையைக் காட்டி, எல்லாரும் ஏறியாச்சு, வீட்டுக்குப் போங்க என்று ஜனங்களை விரட்டிக்கொண்டிருந்தார்.

"ஒர்த்தன் கீழ கீறான் சார்! அவன் பில்லைய நான்தான் குட்த்தேன்" என்று கத்தினேன். அறைந்தார். வாங்கிக்கொண்டேன். உடனே ஆட்கள் இறங்கினார்கள்.

பொழுது சாய்வதற்குள் மேலே கொண்டுவந்தார்கள். உயிர் இருந்தது. இடது கால் கல்லுக்கடியில் நசுங்கி ரத்தம் போய்க்கொண்டே இருந்ததாம். முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். கட்டுக் கட்டுகிற கம்பவுண்டர் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார், "ஒரு அரைமணி முன்னே வந்திருந்தா கால் தங்கியிருக்கும்." அவர் சும்மா சொன்னதுதான். மச்சானும் கேட்டுக்கொண்டு படுத்திருந்தான்.

என் வேலை போகவில்லை. தன் தப்பைத் தானே வந்து சொன்னவன் என்று கம்பெனித் துரை மெச்சினார். பரீட்சையில் அந்த இரண்டு பதில்களுக்கு வந்த மார்க்கிலேயே பாசாகியிருந்தேன், சட்டப்படி எல்லாம் சரியாக இருந்தது. டைம் ஆபீஸ் ஜன்னலுக்குப் பின்னால் எனக்கு நாற்காலி போட்டார்கள். அப்புறம் நான் கீழே இறங்கவே இல்லை. ஒரே கையில் இரண்டு பில்லை நீட்டியவனை எத்தனை தடவை திட்டி விரட்டியிருக்கிறேன்!

மச்சானுக்கு ஷாப்ட் வாசலில் காவல் வேலை கொடுத்தார்கள். கக்கத்துக் கட்டையை ஊன்றிக்கொண்டு தினம் என் ஜன்னலுக்கு வருவான். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவன் யாரைப் பார்த்தாலும் என்னைக் காட்டிச் சொல்வான்.

"இவன் இல்லன்னா நான் இல்ல. பூமி ஆடின ஒடனே பரீட்சைய அப்படியே போட்டுட்டு ஓடியாந்தான்."

நான் பில்லைகளை எண்ணிக்கொண்டிருப்பேன். எத்தனை மணிக்கு எழுந்தாய் என்று அவன் ஒரு நாளும் கேட்டதில்லை. அவன் கட்டைச் சத்தம் கேட்கும்போதெல்லாம், இன்றைக்குக் கேட்டுவிடுவானோ என்று எனக்கு எண்ணிக்கை தப்பிவிடும்.