சரசு சித்தியின் குடல்

ஈரேழு பதினாலு லோகத்திலும் எங்கள் சரசு சித்தியின் குடலுக்கு ஈடான குடல் கிடையாது. லிம்போமா என்கிற புற்றுநோய் பலருக்கும் கழுத்திலோ அக்குளிலோ கட்டியாக வருமாம். மலக்குடலில் வருவது அபூர்வத்திலும் அபூர்வமாம். அந்த அபூர்வம் தேடிப் பிடித்தது, திருவண்ணாமலைக் கோயில் வாசலில் செருப்புப் பார்த்துக்கொள்ளும் என் சித்தியை.

பௌர்ணமிக் கூட்டத்திலும் முகத்தைப் பார்த்தே யார் செருப்பு எது என்று எடுத்துக் கொடுப்பாள். தனக்கு ரத்தம் போவதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. மூலம் என்று தானே முடிவுகட்டிக் களிம்பு தடவிக்கொண்டிருந்தாள். ஆள் பாதியாக இளைத்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு வந்தாள். காமிராக் குழாயை உள்ளே விட்டுச் சதை எடுத்தார்கள். முதலில் எதுவும் பிடிபடவில்லை. அதே சதையை வேலூருக்கு அனுப்பி, வேறு சாயம் ஏற்றிப் பார்த்துத்தான் பெயரைச் சொன்னார்கள். அறுக்க வேண்டாம், மருந்து ஏற்றிப் பார்க்கலாம் என்றார்கள். ஏற்றினார்கள். முடி கொட்டியது. முக்காடு போட்டுக்கொண்டு கோயில் வாசலுக்கு வந்தாள்.

பிறகு மறுபடியும் காமிரா. கட்டி கரைந்ததா இல்லையா என்று மறுநாள் தெரிந்துவிடும். அதற்குள் குடல் காலியாக வேண்டும். உப்புக் கரிக்கும் பேதி மருந்து, ஒரு ஜக் நிறைய.

சித்தி ஜக்கை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். போலீஸ்காரரையே வரிசையில் வரச் சொல்பவள் ஒரு மடக்குக்கூடக் குடிக்கவில்லை.

"வேணாம்டா மாறா. அது இன்னும் இருந்துச்சுன்னா? தெரியாமலே இருந்துட்டுப் போறேன்."

"ஜாஸ்தி சீன் போடாத சித்தி. நானும் டம்ளருக்கு டம்ளர் குடிக்கிறேன். மொதல்ல யாரு ஓடறாங்கன்னு பாக்கலாம்."

"நெஜமாவா?"

"அண்ணாமலையார் மேல சத்தியம்."

என் பங்கை நானே உள்ளே போய்க் கலக்கிக்கொண்டு வந்தேன். ஒவ்வொரு மடக்குக்கும் முகத்தை அஷ்டகோணலாக்கினேன். சித்தி சிரித்தாள், குடித்தாள், ஓடினாள். திரும்பி வரும்போதெல்லாம் ஒரே கேள்வி.

"அது போயிருக்குமாடா?"

"போயிருக்கும்."

அதைச் சொல்லும்போது அவளைப் பார்க்க முடியாமல் டம்ளருக்குள் பார்த்தேன்.

ஜக் காலியானது. சித்தி சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தாள்.

"ஏண்டா, நான் போயிட்டுப் போயிட்டு வரேன். நீ ஒரு வாட்டியாவது எந்திரிச்சியா?"

என் டம்ளரைப் பிடுங்கி ஒரு வாய் குடித்தாள்.

"குளுக்கோசு! அடத் திருட்டுப் பயலே!"

நான் பல்லைக் காட்டினேன். சித்தி என் முகத்தையே பார்த்தாள்.

"சரிடா. சக்கரத் தண்ணி குடிச்சவனுக்குக் கண்ணு ஏன் கலங்குது?"