படத்துக்கு முன்னால் வைத்த குளிசை

இறுப்பிட்டியில் சறோஜினிதேவி தாலியைக் கழற்றி இன்னும் ஒரு வருசம் ஆகவில்லை. ஆனால் புருசனைச் சுடலைக்கு முழுசாய் அனுப்பிவிட்டேன் என்று சொல்ல அவளுக்கு வாய் வராது. தில்லைநாதனின் கிட்னி ஒன்று அவளுடைய அடிவயிற்றில், வலப்பக்கத்தில், இன்னமும் வேலை செய்துகொண்டிருந்தது. கிணற்றடியில் குனிந்து வாளியைத் தூக்கும்போது அந்த இடம் கொஞ்சம் இழுக்கும். "பொறுங்கோ, பொறுங்கோ" என்று சொல்லிக்கொண்டு நிமிருவாள்.

தெற்கில் கடை வைத்திருந்து, கடையை விற்றுப்போட்டு ஊரோடு வந்தவர் தில்லைநாதன். வந்த கையோடுதான் அவளுக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டதென்று தெரிந்தது. "எனக்கு ரெண்டு இருக்கு, உமக்கு ஒண்டும் இல்லை. இதுக்கு என்ன யோசினை?" என்று கேட்டவர், சொன்னபடியே கொடுத்தார். அதற்குப் பிறகு காலையும் மாலையும் அவளுக்கு மருந்துக் குளிசை எடுத்துக் கொடுப்பது அவர்தான்.

"இந்தாரும், என்ர ஆளுக்குச் சாப்பாடு."

"உங்கட ஆளுக்குப் பெரிய வாய். நேரத்துக்கு ரெண்டு குளிசை கேக்குது."

"குடுக்காட்டி உம்மட உடம்பு அவனைப் பிறத்தியான் எண்டு கலைச்சுப்போடும். ஒரு நேரமும் விடக்கூடாது, சொல்லிப்போட்டன்."

நாட்டில் மருந்துக்குத் தட்டுப்பாடு வந்தபோது எங்கெங்கோ அலைந்து, அந்தக் குளிசைப் பெட்டிகளை அலுமாரி நிறைய வாங்கி அடுக்கினார். அடுக்கிய மனுசன் ஒருநாள் காலை பஸ்ஸுக்குப் போகிற வழியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நிலத்தில் குந்தினார். பிறகு எழும்பவில்லை.

அதற்குப் பிறகு சறோஜினிதேவி அவருடைய படத்துக்கு முன்னால் காலையும் பின்னேரமும் தேத்தண்ணி வைப்பாள். பக்கத்தில் ஒரு சின்னத் தட்டில் இரண்டு குளிசை. கும்பிட்டுவிட்டுத் தேத்தண்ணியைக் குடித்து, அவர் கையால் தந்ததாக நினைத்துக் குளிசையைப் போடுவாள். படைத்ததை எறியக்கூடாது, வீட்டிலிருக்கிறவர்கள்தான் சாப்பிட வேண்டும். அது அந்த ஊரில் எல்லோருக்கும் தெரிந்த வழக்கம்.

ஆறேழு மாதம் கழித்து, கிளினிக்கில் இரத்தம் பார்த்த டொக்டர் அவளைக் கதிரையில் இருக்கச் சொன்னார். நல்ல பிள்ளை, பொறுமையாக விளங்கப்படுத்துகிறவர்.

"அம்மா, உங்கட கிட்னியில ஒரு வைரஸ் முழிச்சிருக்கு. பி.கே. வைரஸ் எண்டு பேர். இது கனபேருக்குச் சின்ன வயசிலயே வந்து, உடம்புக்குள்ள சத்தமில்லாமல் நித்திரை கொள்ளுற சாமான். சிலபேருக்குக் கிட்னி தந்த ஆளோட சேர்ந்தும் வரும். உங்கட குளிசை உடம்பின்ர காவலைக் குறைக்குதெல்லே, அதால எழும்பிட்டுது. இனி அந்தக் குளிசையை நேரத்துக்கு ஒண்டாய்க் குறைப்பம்."

"நோவொண்டும் இல்லையே, டொக்டர்?"

"நோகாது. அதுதான் பயம்."

பஸ்ஸில் வரும்போது அவள் மனதில் நின்றது ஒரு சொல்தான். தந்த ஆளோடு சேர்ந்து வரும். சேர்ந்து வந்தது, உள்ளே படுத்திருந்தது, இப்போது எழும்பிவிட்டது. அவர் இருக்கும்வரை எழும்பாதது, அவர் போன பிறகு ஏன் எழும்பியது?

அன்றிலிருந்து வீடு வேறு மாதிரியாகிவிட்டது. உள்ளே வருமுன் படலையில் நின்று செருமுவது தில்லைநாதனின் பழக்கம். குசினியில் நிற்கும்போது அந்தச் செருமல் கேட்கும். எட்டிப் பார்த்தால் படலை சாத்தியபடி இருக்கும். ஒரு மத்தியானம் கண்ணயர்ந்தபோது, வெறும் வாழையிலைக்கு முன்னால் முதுகைக் காட்டிக்கொண்டு அவர் இருந்தார். "பசிக்குது" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

பக்கத்து வளவில் இருக்கிற தில்லைநாதனின் தங்கை அன்னபூரணத்திடம் இதைச் சொன்னாள்.

"மச்சாள், நீர் அண்ணைக்குப் படைக்கிறதில ஏதும் குறைச்சனீரோ?" என்று கேட்டாள் அன்னபூரணம்.

சறோஜினிதேவிக்கு அப்போதுதான் உறைத்தது. தட்டில் இப்போது ஒரு குளிசைதான் வைக்கிறாள். அவருடைய ஆளுக்கு அரைச் சாப்பாடு.

அடுத்தநாள் அலுமாரியைத் திறந்து, அவர் வாங்கி வைத்த பெட்டியை எடுத்தாள். டொக்டர் சொன்ன ஒன்றை மருந்தாகக் குசினியில் வைத்து விழுங்கினாள். இன்னொன்றைத் தட்டில் வைத்துப் படைத்தாள். படைத்ததை எறிய ஏலாது. ஊர்க் கோயில் அம்மாளாச்சியை நினைத்துக்கொண்டு அதையும் விழுங்கினாள். அது மருந்தில்லை, படைச்சது என்று மனதைத் தேற்றினாள். பின்னேரமும் அப்படியே. டொக்டரின் சொல்லையும் மீறவில்லை, புருசனையும் பட்டினி போடவில்லை என்று அவளுக்கு ஒரு நிம்மதி.

ஆனால் செருமல் நிற்கவில்லை. கிளினிக்குக்குப் போகப் போக டொக்டரின் முகம் சுருங்கியது. ஒருமுறை கிட்னியில் ஊசி குத்திச் சதை எடுத்தார்கள். ஊசி இறங்கும்போது "அவருக்கு நோகும்" என்று அவள் முனகியதை யாரும் கவனிக்கவில்லை.

சதைப் பரிசோதனையின் முடிவு வந்த அன்று அன்னபூரணமும் துணைக்குப் போயிருந்தாள்.

"குளிசையைக் குறைச்சும் வைரஸ் கூடிக்கொண்டே போகுது. எனக்கு விளங்கேல்லை" என்றார் டொக்டர். "அம்மா, நேரத்துக்கு ஒண்டுதானே போடுறியள்?"

"ஓம், ஒண்டுதான்."

"மற்றது அண்ணைக்குப் படைக்கிறது, டொக்டர்" என்றாள் அன்னபூரணம், தெரியாததைச் சொல்லிக்கொடுக்கிற மாதிரி.

"படைச்சுப்போட்டு?"

"படைச்சதை எறியிறதே? இவதான் சாப்பிடுவா."

டொக்டர் பேனையைக் கீழே வைத்தார். ஏசவில்லை. கதிரையை இழுத்து அவளுக்குக் கிட்ட வந்தார்.

"அம்மா, இதைக் கேளுங்கோ. அந்த ரெண்டாவது குளிசை இப்ப கிட்னிக்குச் சாப்பாடில்லை. உங்கட உடம்பின்ர காவலைக் கட்டிப்போட்டு வைரஸை வளர்க்குது. வைரஸ் கிட்னியைத் தின்னுது."

சறோஜினிதேவி வயிற்றின் வலப்பக்கத்தில் கையை வைத்தாள். இவ்வளவு காலமும் கும்பிட்டுக் கும்பிட்டு எதற்குச் சோறு போட்டிருக்கிறாள்! பசிக்கிறதென்று முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தது யார்? அவர்தானா? முகத்தைப் பார்க்கவில்லையே.

"ஐயோ மச்சாள், நானெல்லே உம்மைக் கேட்டனான்" என்று அன்னபூரணம் வாயைப் பொத்தினாள்.

மிஞ்சிய பெட்டிகளைக் கிளினிக்கிலேயே கொண்டுபோய்க் கொடுத்தார்கள். அதன்பிறகு அவள் படத்துக்கு முன்னால் தேத்தண்ணி மட்டும் வைத்தாள். குளிசையைப் படத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போட்டாள். முதல் சில நாட்கள் தொண்டைக்குள் இறங்க மறுத்தது. மெல்ல மெல்ல வைரஸின் அளவு இறங்கியது.

"இனி இருக்கிறதைக் காப்பாத்தலாம். பழுதானது பழுதானதுதான்" என்றார் டொக்டர்.

"பழுதானது எங்க போகும்?"

"எங்கயும் போகாது அம்மா. தழும்பாய் உள்ளுக்கயே கிடக்கும்."

அன்று பின்னேரம் அவள் பஸ்ஸால் இறங்கி வருவதைப் பார்த்து அன்னபூரணம் வேலிக்கரைக்கு ஓடி வந்தாள்.

"என்னவாம் மச்சாள்? அண்ணையின்ர கிட்னி தப்பியிட்டுதோ?"

சறோஜினிதேவி வயிற்றின் வலப்பக்கத்தைக் கையால் தாங்கிக்கொண்டாள். சாகக் கிடக்கிற ஒருவரை எழுப்பிவிடாமல் நடக்கிறவள் போல மெதுவாக வந்து, வேலிக் கதியாலைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அரைவாசி செத்திட்டார்" என்றாள். "மற்ற அரைவாசி இருக்கிறார்."