நீலத்தை நம்பாத டாக்டர் ஐயா

எண்பதுகளின் தொடக்கத்தில் வட்டகொடைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் கணக்கப்பிள்ளை. கொழுந்து நிறுக்கும்போது கூடைக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவு என்று கழிப்பது என் வேலை. தொப்பையும், சீனி வருத்தம் என்கிற நீரிழிவும் எனக்குச் சேர்ந்தே வளர்ந்தன.

திங்கட்கிழமைதோறும் சிறுநீரைப் போத்தலில் எடுத்துக்கொண்டு தோட்டத்து டிஸ்பென்சரிக்குப் போக வேண்டும். அங்கே மருந்து கொடுப்பவரை டாக்டர் ஐயா என்போம்; பிரசவம் பார்க்க ஒரு மருத்துவிச்சியும் உண்டு. அவர் ஒரு நீல மருந்தில் சில சொட்டுகள் விட்டுக் கொதிக்க வைப்பார். நீலமாகவே இருந்தால் சீனி இல்லை. செங்கல் நிறத்துக்கு வந்தால் வசவு, சோற்றில் பாதி வெட்டு. எனக்குச் சோறு முக்கியம். அதனால் மனைவியின் சிறுநீரைக் கொண்டுபோனேன். சில வாரம் நீலமாகவே இருந்தது. ஒருநாள் அதுவும் செங்கல்லாக மாறியது. பதறிப்போய், "ஐயா, அது என்னோடது இல்லீங்க, வீட்டுக்காரியோடது" என்று உளறிவிட்டேன்.

அன்றிலிருந்து எனக்குத் தினமும் இன்சுலின் ஊசி, அவளுக்கு மாத்திரை, இருவருக்கும் குரக்கன் என்கிற கேழ்வரகுக் களி. அவள் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

பிறகு எனக்கு வயிற்றுப்புண் முற்றி, பெரியாஸ்பத்திரியில் வெட்டினார்கள். இரைப்பையில் பாதிக்கு மேல் எடுத்துவிட்டு, மிச்சத்தைக் குடலோடு இணைத்தார்களாம். "ஈரல்லயும் கொழுப்பு படிஞ்சிருக்கு, மெலிஞ்சா கரையும்" என்றார் சத்திரசிகிச்சை டாக்டர். கரைந்ததா என்று பார்க்க மறுபடி வெட்ட வேண்டுமே, அதனால் நம்பிவிட்டேன். ஆறே மாதத்தில் காற்சட்டையைக் கயிறு போட்டுக் கட்டினேன். சிறுநீரும் நீலமாயிற்று.

டாக்டர் ஐயா நம்பவில்லை. "கொழுந்துல ஈரத்துக்குக் கழிக்கிறீங்கள்ல? நான் ஒங்க பேச்சுல பாதியக் கழிச்சுத்தான் கேப்பேன்" என்று சொல்லி ஊசியைக் குத்தினார். இல்லாத சீனிக்குப் போட்ட ஊசி. பத்து மணிக்கெல்லாம் மலையில் கை நடுங்கி, வியர்த்து, கண் இருட்டியது. ஒருநாள் தராசைப் பிடித்தபடியே உட்கார்ந்துவிட்டேன். செத்துப்போவேன் என்று உண்மையாகவே பயந்தேன். மறுநாள் கையை நீட்ட மறுத்தேன்.

"அப்ப என் கண்ணு முன்னாலயே எடுங்க" என்றார்.

டிஸ்பென்சரிக்குப் பின்னால், தூறலில், அவரே எனக்குக் குடை பிடித்தார். எதிர்மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். மானம் கப்பலேறியது, மற்றது வந்தபாடில்லை. "மெதுவா எடுங்கய்யா, மழைத்தண்ணிக்குக் கழிச்சுக்கலாம்" என்று ஒருத்தி கத்தினாள். மலை முழுக்கச் சிரிப்பு. எனக்கும் சிரிப்பு வந்தது, கூடவே அதுவும் வந்தது.

கொதிக்க வைத்தார். நீலம். சந்தேகம் தீராமல் இன்னொரு முறை வைத்தார். அப்போதும் நீலம். ஊசியை நிறுத்திவிட்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

இரண்டு மாதம் கழித்து எங்கள் இருவரையும் கூப்பிட்டார். "வீட்டம்மாவுக்கும் மூணு வாரமா நீலந்தான். மாத்திரைய நிப்பாட்டிரலாம்னு பாக்குறேன்" என்றார். மனைவி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வீட்டில் மறுபடி வெல்லப் பணியாரம் மணத்த காரணமும், திங்கட்கிழமைகளில் என் போத்தல் பாதியாகக் குறைந்த காரணமும் அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவளை நினைத்தால் பாவமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

"ஐயா, அது அவளோடது இல்லீங்க, என்னோடது" என்றேன்.

டாக்டர் ஐயா எழுந்தார். மூலையில் இருந்த குடையை எடுத்து மருத்துவிச்சி கையில் கொடுத்தார்.