நயீமாவிடம் கொடுத்த கதை

நயீமா இப்போதெல்லாம் எந்தக் கேள்விக்கும் மூன்று எண்ணிவிட்டுத்தான் பதில் சொல்கிறாள். "சாப்பிட்டாயா?" என்று கேட்டாலும் சரி, "வாளி எங்கே?" என்று கேட்டாலும் சரி, இரண்டு காலையும் நிலத்தில் ஊன்றி, என் கண்ணை நேராகப் பார்த்து, மனதுக்குள் எண்ணி முடித்த பிறகே வாய் திறக்கிறாள். விடியற்காலையில், அலுவலகக் கட்டிடத்தின் நிலக்கீழ் அறையில் வேலைச் சட்டை மாற்றும் அவசரத்தில் இதைப் பார்த்தால் யாருக்கும் சிரிப்பு வரும். எனக்கு வந்தது பொறாமை. எரிச்சல், களைப்பு என்று வேறு பெயர் வைத்து மழுப்பலாம்தான். ஆனால் பன்னிரண்டு வருஷமாக என்னோடு நின்று ஒரே தரையைத் துடைத்த மொறொக்கோக்காரி திடீரென்று நிமிர்ந்து நின்று பேசினால், அதற்குப் பெயர் பொறாமைதான்.

அந்த மூன்று எண்ணிக்கையை அவள் ஃபொர்மசியோனில் படித்தாள். ஃபொர்மசியோன் என்றால் பயிற்சி வகுப்பு. அறபுப் பெண்களுக்கு என்று ஒரு சங்கம் ஆறு மாதமாகச் சனிக்கிழமைகளில் நடத்துகிறது. கூட்டத்தை எப்படித் தொடங்குவது, பேச்சை நிறுத்தாத ஆம்பிளையை எப்படி மரியாதையாக நிறுத்துவது, நகரசபைக்கு எப்படிக் கடிதம் எழுதுவது, கடைசி வரிசைக்குக் கேட்கிறமாதிரி எப்படிக் குரலெடுப்பது, எல்லாம் சொல்லிக் கொடுக்கிறார்கள். தலைமை தாங்கப் பழக்குகிறார்களாம். ஊரில் இருந்து இதை வாசிக்கிறவர்களுக்கு இடத்தைச் சொல்ல வேண்டும். பிரெஞ்சுத் தலைநகரின் லா சப்பல் பகுதியில் மெற்றோ ரயில் தலைக்கு மேலே இரும்புப் பாலத்தில் ஓடும். பாலத்துக்கு இந்தப் பக்கம் எங்கள் கடைகள், எங்கள் முருங்கைக்காய், எங்கள் புடவைகள். அந்தப் பக்கம் அறபுக்காரர்களின் இறைச்சிக் கடைகளும் தேநீர்க் கடைகளும். வகுப்பு நடக்கும் மண்டபம் அந்தப் பக்கத்தில் இருக்கிறது. நான் மரக்கறி வாங்கும் கடையில் இருந்து ஐந்து நிமிஷ நடை.

எங்கள் ஆட்கள் அறபுப் பெண்களைப் பற்றிப் பேசும்போது "பாவங்கள், வீட்டுக்குள்ளை அடைபட்டுக் கிடக்குதுகள்" என்று உச்சுக் கொட்டுவார்கள். நானும் கொட்டியிருக்கிறேன். அப்படிக் கொட்டிய நான் எங்கள் சங்கத்தின் ஆண்டு விழாவில் ஒன்பது வருஷமாக மண்டப வாசலில் பன்னீர்ச்செம்போடு நிற்கிறேன். வருகிறவர்களுக்குப் பன்னீர் தெளிப்பேன், சந்தனம் நீட்டுவேன், சிரிப்பேன். மேடையில் ஐந்து ஆம்பிளைகள் ஒருவர் மாறி ஒருவர் பேசுவார்கள். கடைசியில் நன்றியுரை சொல்பவர் "வாசலில் நின்று வரவேற்ற சகோதரிகளுக்கும்" என்று ஒரு மூச்சில் சொல்லிவிட்டு, மேசை நாற்காலி தந்தவருக்குப் போய்விடுவார். எங்களுக்கு ஒரு ஃபொர்மசியோன் வைக்க வேண்டும் என்று யாருக்காவது தோன்றியதா? எனக்கே தோன்றவில்லை. நயீமா மூன்று எண்ணத் தொடங்கிய பிறகுதான் தோன்றியது.

ஆனால் வகுப்பைவிட அதிகமாக என் வயிற்றை எரித்தது என் மகள்தான். ஆரணிக்குப் பதினேழு வயது. இங்கே பிறந்தவள், நான் தமிழில் கேட்டால் பிரெஞ்சில் பதில் சொல்வாள். பள்ளிக்கூடத்தில் "நான் மதிக்கும் ஒரு பெண்" என்று கட்டுரை எழுதச் சொன்னபோது நயீமாவைப் பற்றி எழுதினாள். நயீமா லிஃப்றுக்குள் இருந்த கதையை எழுதினாள். எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டிவிட்டு, "அம்மா, நீங்கள் ஏன் அப்படி இல்லை?" என்று கேட்டாள். நான் கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தேன். தொடர்ந்து வெட்டினேன்.

அந்தக் கதை இதுதான். பதினொரு வருஷத்துக்கு முன், அந்தக் கட்டிடத்தில் துப்புரவுப் பெண்கள் லிஃப்றில் ஏறக் கூடாது. வாளித் தண்ணீர் சிந்தினால் அலுவலகக்காரர்களின் சப்பாத்து நனைந்துவிடுமாம். ஆறு மாடிக்கும் வாளி, துடைப்பம், தூசி உறிஞ்சும் இயந்திரம் எல்லாவற்றையும் படியால்தான் தூக்க வேண்டும். ஒருநாள் காலை ஒருத்தி லிஃப்றின் கதவுக்குக் குறுக்கே வாளியை வைத்துவிட்டு உள்ளே நிலத்தில் இருந்துவிட்டாள். லிஃப்ற் அசையவில்லை. பிறகு இன்னொருத்தி வந்து பக்கத்தில் இருந்தாள். கோட்டுப் போட்ட பெரியவர்கள் எல்லாரும் அன்று படியேறினார்கள். மேற்பார்வையாளர் ஓடிவந்து, "யார் தொடங்கியது?" என்று பெயர் எழுதும் கொப்பியை விரித்தார். மறுவாரமே எங்களுக்கு லிஃப்ற் திறந்துவிட்டார்கள்.

முதலில் உள்ளே போய் இருந்தது நான்.

அப்போது என்னிடம் இருந்தது ரெசெபிசே என்ற மூன்று மாதத் தற்காலிக வதிவிடச் சீட்டு மட்டும். அடுத்த கிழமை பொபினி பிரெபெக்சர் அலுவலகத்தில் அதைப் புதுப்பிக்கப் போக வேண்டும். கொப்பியைக் கண்டதும் நான் வாளியைப் பார்த்துக் குனிந்துகொண்டேன். நயீமாவிடம் பத்து வருஷ வதிவிடக் கார்ட் இருந்தது. அவள் என் முகத்தைப் பார்த்தாள், பிறகு "நான்தான், என் பெயரை எழுது" என்றாள். அவளுக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. ஒரு வருஷம் தூரத்துக் கட்டிடம் ஒன்றுக்கும் மாற்றினார்கள். நான் வீட்டுக்கு வந்து என் கணவரிடம், "எங்கடை அறபுக்காரி செய்த வேலையைக் கேட்டியளே" என்று சொன்னேன். அவர், "உதெல்லாம் பேப்பர் உள்ளவைக்குத்தான் சரி, நீர் உதுக்குள்ளை தலையைக் குடுக்காதையும்" என்றார். லூயி-பிளாங் வீதியில் தான் வேலை செய்யும் சாப்பாட்டுக் கடையிலும் போய் அந்தக் கதையைச் சொல்லிச் சிரித்தார். ஆரணிக்கு அப்போது ஆறு வயது. கதை அவளோடு சேர்ந்து வளர்ந்தது. எனக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை கிடைத்த பிறகும் அதைத் திருப்பிக் கேட்க எனக்கு வழி தெரியவில்லை.

போன மாதம் நயீமா என் முன்னால் காலை ஊன்றி நின்றாள். "கடைசி நாளில் ஒவ்வொருத்தியும் தான் முதன்முதலில் தலைமை தாங்கிய கதையைச் சொல்ல வேண்டும். எல்லாரும் லிஃப்ற் கதையைத்தான் கேட்கிறார்கள். அது உன்னுடையது. நீ வந்து சொல்கிறாயா, நான் சொல்லட்டுமா?"

"சீச்சீ, நீயே சொல்லு," என்றேன்.

எங்கள் வழக்கம் உங்களுக்குத் தெரியும். தேத்தண்ணி வேண்டுமா என்று கேட்டால் முதலில் வேண்டாம் என்போம். இரண்டாம் தரமும் கேட்க வேண்டும், மூன்றாம் தரம் கையில் திணிக்க வேண்டும். நயீமாவின் ஆட்களும் அப்படித்தான். அவள் வீட்டில் புதினாத் தேநீர் வேண்டாம் என்று சொல்லி நான் ஒருநாளும் தப்பியதில்லை. ஆனால் ஒருவர் இல்லை என்றால் அதை இல்லை என்றே எடுக்க வேண்டும் என்று வகுப்பில் படித்திருக்கிறாள். மூன்று எண்ணினாள். "தாக்கோர்," சரி, என்றாள். வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். நான் இரண்டாவது கேள்விக்காகக் காத்துக்கொண்டு அங்கேயே நின்றேன்.

வகுப்பின் கடைசிச் சனிக்கிழமை ஆரணி என்னை இழுத்துக்கொண்டு போனாள். மண்டபம் நிறையப் பெண்கள், பின்வரிசையில் சில கணவன்மார். நயீமா பச்சை முக்காட்டோடு எழுந்து நின்றாள். குரல் கடைசி வரிசை வரைக்கும் போனது. ஆரணி ஒவ்வொரு சொல்லுக்கும் முன்னால் சாய்ந்தாள். அப்படி ஒரு முகத்தோடு அவள் என்னை ஒருநாளும் பார்த்ததில்லை. "நான் வாளியை வைத்தேன். இனி ஒரு படியும் ஏறமாட்டேன் என்று முடிவெடுத்தேன். தலையை நிமிர்த்திக்கொண்டு இருந்தேன்," என்றாள் நயீமா. கை தட்டினார்கள்.

"அது அப்படி இல்லை."

சொன்னது நான்தான் என்பது எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பிய பிறகுதான் எனக்கே தெரிந்தது. எழுந்து நின்றிருக்கிறேன். என் பிரெஞ்சு துப்புரவு வேலைக்குக் காணும், மேடைக்குக் காணாது. இருந்தாலும் சொன்னேன். முடிவு ஒன்றும் எடுக்கவில்லை. ஐந்தாம் மாடியில் வாளி சரிந்து, துடைத்துவிட்டு வந்த படியெல்லாம் தண்ணீர் ஓடியது. திரும்பவும் துடைக்க முழங்காலில் பலம் இல்லை. லிஃப்ற் திறந்து கிடந்தது, உள்ளே போய் இருந்தேன். தலை நிமிரவில்லை. அழுதுகொண்டிருந்தேன். நயீமா கால் மணித்தியாலம் கழித்துத்தான் வந்தாள், அந்தக் கால் மணித்தியாலத்தை அவள் பார்க்கவில்லை.

நயீமா என்னையே பார்த்தாள். எண்ணுகிறாள் என்று தெரிந்தது. பிறகு சபையைப் பார்த்து, "அவள் சொல்வதுதான் சரி. தொடங்கியது அவள்," என்று சொல்லிவிட்டுத் தன் கதிரையில் இருந்தாள். கைதட்டல் வந்தது. ஆரணியிடம் இருந்து வரவில்லை.

பாலத்துக்குக் கீழால் நடந்து, மெற்றோவில் ஏறி, பொபினியில் எங்கள் கட்டிடத்துக்கு வந்தோம். ஏழாம் மாடியில் லிஃப்ற் நின்றபோது, "அப்பாவுக்குத் தெரியுமா?" என்று பிரெஞ்சில் கேட்டாள்.

"அப்பாவுக்கு ஏன் உது?" என்றேன்.

அவள் தோள்பையைக் கதவுக்குக் குறுக்கே போட்டுவிட்டு லிஃப்றின் நிலத்தில் சப்பாணி கட்டி இருந்தாள். "நீங்கள் சொல்லும்வரைக்கும் எழும்ப மாட்டேன்." எவ்வளவு லேசாக இருந்துவிட்டாள்! அழவில்லை, முழங்கால் வலிக்கவில்லை, எந்தப் பேப்பரும் அவளுக்குக் காலாவதியாகவில்லை. என் வயிற்றில் பிறந்த பிள்ளையைப் பார்த்தும் எனக்குப் பொறாமை வந்தது.

"எழும்பு பிள்ளை, ஆக்கள் பாக்கப்போகினம்" என்று அவள் கையைப் பிடித்து இழுத்தேன். என் ஒரு கால் லிஃப்றுக்குள், ஒரு கால் வெளியில். கீழே யாரோ இரும்புக் கதவில் தட்டிப் பிரெஞ்சில் கத்தினார்கள். ஆரணி அவர்களைவிடச் சத்தமாக, தமிழில் கத்தினாள்: "அப்பா! வெளியிலை வாங்கோ!"

இவர் சாரத்தை இறுக்கிக்கொண்டு வந்தார். "என்னப்பா இது? ஏன் பிள்ளை நிலத்திலை இருக்கிறாள்? ஆர் உவளுக்கு உது பழக்கினது?"

கதவு வந்து என் தோளில் முட்டித் திரும்பிப் போனது. வெளியில் இருந்த காலையும் உள்ளே இருந்த காலையும் ஊன்றிக்கொண்டேன். ஒன்று. இரண்டு. மூன்று.

"நான்தான்," என்றேன்.