பொன்முடி ஏறாத கிளட்ச்

வைத்தியரிடம் போகிறவர் வலிக்கிற இடத்தைக் காட்டுவார். கிளட்ச் வேலை பார்க்கிற என்னிடம் வருகிறவர் வலிக்கிற கையை மடியில் வைத்துக்கொண்டு வண்டியைக் காட்டுவார். பழவங்காடிப் பிள்ளையார் கோவிலுக்குப் பக்கத்துச் சந்தில், தேங்காய் உடைகிற சத்தம் கேட்கிற தூரத்தில் என் ஒர்க்‌ஷாப். நெடும்பயணம் போகிற கனத்த பைக்குகள்தான் அதிகம் வரும். கழக்கூட்டத்திலிருந்து கிழக்கேகோட்டை வரை சிக்னலுக்குச் சிக்னல் கிளட்ச் லீவரைப் பிடித்துப் பிடித்து, வீட்டுக்கு வந்து தண்ணீர்ச் செம்பைத் தூக்க முடியாமல் கீழே போட்ட அனுபவம் உங்களுக்கு உண்டா? உண்டென்றால் நீங்கள் நம்ம ஆள், கிட்டே வந்து உட்காருங்கள். இல்லையென்றால் நீங்கள் கியரில்லாத ஸ்கூட்டர் ஓட்டுகிற பாக்கியசாலி. அப்படியே நின்று வேடிக்கை பாருங்கள்.

நான் எதையும் கொஞ்சம் கூட்டிச் சொல்வேன் என்று ஊரில் ஒரு பேச்சு இருக்கிறது. கிளட்ச் லீவரில் கொஞ்சம் தளர்வு விடாவிட்டால் உள்ளே பிளேட் தேய்ந்துவிடும். பேச்சுக்கும் அதே கணக்குதான்.

இரண்டு அளவுச் சட்டை

நெடுமங்காட்டுப் பக்கத்து ரப்பர் வியாபாரி ஒருவர். வண்டி வாங்கிய நாளிலிருந்து கிளட்ச் கேபிளை அவர் தொட்டதே இல்லை. உள்ளே கம்பி இழை இழையாகப் பிரிந்து, துருவும் மண்ணும் சேர்ந்து, லீவரைப் பிடிப்பது கிணற்றிலிருந்து பானையை இழுப்பது போல ஆகிவிட்டது. மனிதர் விடவில்லை, இழுத்தே ஓட்டினார். ஓட்டி ஓட்டி இடது கை தடித்து, சாலைக் கடைத்தெருவில் தையல்காரர் இடது தோளுக்கு ஓர் அளவு, வலது தோளுக்கு ஓர் அளவு என்று எடுத்துச் சட்டை தைத்தார். நம்பாவிட்டால் போங்கள், அந்தத் தையல்காரர் இன்னும் இருக்கிறார்.

புதுக் கேபிள் போட்டேன். லீவரைப் பிடித்திருக்கும் போல்ட்டைக் கழற்றித் துடைத்து கிரீஸ் வைத்தேன். இந்த இரண்டைச் செய்தாலே பாதி வண்டிகளுக்குப் பாதி வலி போய்விடும். ஜனங்கள் அதைச் செய்யாமல் இருப்பதால்தான் என் வீட்டில் அடுப்பு எரிகிறது, அவர்கள் நன்றாக இருக்க வேண்டும். வியாபாரி சந்தோஷமாகப் போனார். சில மாதம் கழித்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்து நின்றார்.

"அண்ணா, கிளட்சு லேசாச்சு, சரி. இப்ப எடது கை மெலிஞ்சு போச்சு அல்லே. அலமாரி நிறைய தைச்சு வச்சிருக்கேனே, அந்தச் சட்டையெல்லாம் நான் யாருக்குக் கொடுக்க?"

வித்யாவின் மணிக்கட்டு

மற்றவையெல்லாம் சில்லறைக் கதை. என் தொழிலில் நான் நிஜமாகவே தூக்கம் கெட்டது வித்யாவின் வண்டிக்காகத்தான். கரமனை அக்ரஹாரத்துப் பெண். கழக்கூட்டத்தில் சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை. சொந்தச் சம்பளத்தில், இரண்டு பக்கமும் பெட்டி வைத்த பெரிய பைக் ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கி, கோவா வரை தனியாகப் போய்வந்தவள். அத்தனை மலையையும் ஹைவேயையும் தாண்டியவள், வீட்டில் துணி துவைத்த ஈரத்தில் வழுக்கி இடது மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். உள்ளே தகடு வைத்துத் தைத்திருந்தார்கள். வண்டி ஓட்டலாம், ஆனால் பழைய பிடி முழுசாகத் திரும்பாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

ஆபீசில் ஒருவர் வண்டியை விலைக்கு எப்போது தருவாய் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். இவளுக்குக் கொடுக்க மனசில்லை. அதனால் தனக்குத்தானே ஒரு பரீட்சை வைத்துக்கொண்டாள்: பொன்முடி மலைக்கு ஒரு தடவை ஏறி இறங்குவது. கை தாங்கினால் வண்டி அவளுடையது, தாங்காவிட்டால் ஆபீஸ்காரருடையது. அதைச் சொல்லிவிட்டுச் சாவியை என் மேஜையில் வைத்தாள்.

"கையை எவ்வளவு சரி பண்ணலாமோ அவ்வளவு டாக்டர் பண்ணியாச்சு அண்ணாச்சி. மிச்சத்தை வண்டியில பண்ணுங்கோ."

நீட்டிய கை

கேபிளின் அந்தக் கோடியில், என்ஜின் பக்கம், கிளட்சைத் திறக்கிற சின்னக் கை ஒன்று இருக்கும். அதைக் கொஞ்சம் நீட்டிவிட்டால் லீவர் லேசாகும். நீளமான ஸ்பேனரால் நட்டைத் திருகுவது சுலபம் இல்லையா, அதே விஷயம். நீட்டினேன். லீவர் எப்படி ஆனது தெரியுமா, ஒரு ஈ வந்து உட்கார்ந்தால் கிளட்ச் விடும். அந்த ஈயை விரட்டிவிட்டு வித்யாவிடம் சாவியைக் கொடுத்தேன்.

ஆனால் இழுக்கிற பலத்தில் மிச்சம் பிடித்ததை வண்டி வேறு இடத்தில் வசூல் பண்ணிவிடும். லீவரை முழுக்கப் பிடித்தாலும் கிளட்ச் முழுக்க விடவில்லை. சிக்னலில் நியூட்ரல் விழவில்லை. கழக்கூட்டத்தில் ஒரு பஸ்சுக்குப் பின்னால் வண்டி ஆட்டுக்குட்டி மாதிரி முட்டிக்கொண்டே நின்றதாம். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. நேராகக் கடைக்கு வந்து, தலைக்கவசத்தைக் கழற்றி, நிதானமாகச் சொன்னாள். அந்த நிதானத்துக்கு நான் இன்றைக்கும் கடன்பட்டவன்.

"கை வலிக்கலை அண்ணாச்சி. ஆனா வண்டி நிக்கவும் மாட்டேங்கறது. ரெண்டுல ஒண்ணுதான் கிடைக்கும்னா முதல்லயே சொல்லியிருக்கப்படாதா?"

சாமி தனியாக வந்தார்

நீட்டிய கையை எடுத்துவிட்டுப் பழையதையே மாட்டினேன். பிறகுதான் பொறுமையாக வண்டியைச் சுற்றி வந்து பார்த்தேன். யாரோ கூடுதல் விளக்கு மாட்டும்போது கேபிளை ஹெட்லைட்டுக்குப் பின்னால் மடக்கித் திணித்திருந்தார்கள். கேபிள் எவ்வளவு வளைகிறதோ அவ்வளவு உராயும். உள்ளே வழவழப்பான பிளாஸ்டிக் உறை வைத்த புதுக் கேபிள் வாங்கி, வளைவைப் பெரிதாக்கி, காற்று வாங்குகிற மாதிரி விட்டேன். வித்யாவின் சின்ன விரல்களுக்கு எட்டும்படி லீவரையும் உள்ளே தள்ளி வைத்தேன். கூட்டிச் சொல்லவில்லை, முன்பிருந்ததில் பாதி பலம் போதும். இந்தக் கேபிளுக்கு எண்ணெயே விடக்கூடாது என்று சொல்லி அனுப்பினேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை அவளுடைய அப்பா வந்தார். அரசாங்க ஆபீசில் இருந்து ஓய்வு பெற்றவர். ஊரில் எல்லாரும் கூப்பிடுகிற மாதிரி நானும் சாமி என்றே கூப்பிடுவேன். நெற்றியில் கோவில் சந்தனம், கையில் தேங்காய் மூடி. கிளட்ச் இதற்கு மேல் லேசாகாது, வண்டியை விற்பதுதான் நல்லது என்று மகளிடம் நான் ஒரு வார்த்தை சொல்ல வேண்டுமாம். "பொய் சொல்லி எனக்குப் பழக்கமில்லை, சாமி" என்றேன். அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

பேச்சை மாற்ற ஒரு கதை எடுத்துவிட்டேன். கிளட்ச் பிடிக்க முடியாத ஒருவர் கழக்கூட்டத்தில் கியர் போட்டவர் போட்டபடியே வந்து, நிறுத்த வழியில்லாமல் இந்தப் பிள்ளையார் கோவிலையே பெட்ரோல் தீருகிற மட்டும் வலம் வந்தார், பார்த்தவர்கள் பெரிய பக்திமான் என்று கும்பிட்டார்கள் என்றேன். சாமி சிரிக்கவில்லை.

"அவருக்கு என்ன வேண்டுதலோ, தெரியலை. எனக்கு ஒண்ணே ஒண்ணுதான், அவ அந்த வண்டியை வித்துடணும்."

வித்துரா தாண்டினதும்

மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வித்யா புறப்பட்டாள். ஊருக்குள் லீவர் வெண்ணெயாக இருந்தது. அடிவாரத்து வித்துராவில் சாயா குடித்துவிட்டு மலையில் ஏற ஆரம்பித்திருக்கிறாள். பனி விழுகிற பக்கம் போகப் போக லீவர் இறுகியது. கொண்டை ஊசி வளைவுகளில் பாதி கூட முடியவில்லை, கை மரத்துப் போய், வண்டியை ஓரமாக நிறுத்தி அழுதுவிட்டுத் திரும்பினாள். மத்தியானம் கடைக்கு வந்தபோது நான் சுண்டு விரலால் இழுத்துப் பார்த்தேன், லீவர் பிள்ளைப்பூச்சி மாதிரி வந்தது.

அதற்கு அடுத்த ஞாயிறும் அதேதான். ஊரில் வெண்ணெய், மலையில் கல். கேபிளில் எங்கேயும் பிசிறில்லை, வளைவு நான் விட்டபடியே இருந்தது. வித்யா என் ஸ்டூலில் உட்கார்ந்து மணிக்கட்டைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"உங்க வேலையில குத்தமில்லை அண்ணாச்சி. குளிர்ல என் கைதான் விட்டுப் போறது. வர்ற ஞாயிறு இன்னொரு தடவை பாக்கறேன், அப்புறம் ஆபீஸ்ல கொடுத்துடறேன்."

உறைந்தது எது

அவள் போனபிறகு கேபிளைக் கழற்றி மூக்கருகே கொண்டுபோனேன். இறக்கி வைத்த அவியலின் வாசனை. கூட்டிச் சொல்கிறேன் என்று நினைப்பீர்கள், என் பக்கத்துக் கடைக்காரர் அதை முகர்ந்துவிட்டுச் சோறு எங்கே என்றார். தலைகீழாகப் பிடித்தால் சொட்டுச் சொட்டாக வடிந்தது. தேங்காய் எண்ணெய். ஊர் வெயிலில் தண்ணீராக ஓடும், மலைக் குளிரில் மெழுகாக இறுகும். பக்கத்து ஜூஸ் கடையில் கெஞ்சி, ஐஸ்கிரீம் டப்பாக்களுக்கு நடுவே கேபிளை வைத்து எடுத்தேன். உள்ளே கம்பி நகரவில்லை, நுனியில் வெள்ளையாகப் பூத்திருந்தது. அவள் கை விட்டுப் போகவே இல்லை.

வெள்ளிக்கிழமை கோவிலுக்கு வந்த சாமியைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஒன்றும் ஒளிக்கவில்லை. விடியற்காலையில் மகள் எழுவதற்கு முன்னால், சந்தியாவந்தனத்துக்கு வைத்திருந்த பழைய உத்தரணிக் கரண்டியால் லீவர் பக்கத்திலிருந்து எண்ணெய் விட்டிருக்கிறார், தவறாமல். கதவு கீல் கிரீச்சிட்டாலும், குழந்தைக்குத் தலை காய்ந்தாலும், அந்த வீட்டில் எல்லாவற்றுக்கும் அதுதானே மருந்து. எனக்குக் கோபம் வரவேண்டிய இடம். வரவில்லை. "சாமி, வண்டியை விக்கணும்னு வேண்டிக்கிட்டவரு நீங்க. நீங்களே எண்ணெய் விட்டா எப்படி?" என்று மட்டும் கேட்டேன். அவர் கேபிளை இரண்டு கையாலும் வாங்கிப் பார்த்தார்.

"விக்கணும்னுதான் ஆசை. அதுக்காக, விக்கற வரைக்கும் குழந்தைக்குக் கை வலிக்கலாமோ?"

ஏற்றமும் இறக்கமும்

கேபிளைப் புதிதாகவே மாற்றினேன். அப்பா செய்த காரியத்தை அப்பாவே மகளிடம் சொன்னார். அவள் சிரித்த சிரிப்பில் கோவில் வாசலில் தேங்காய் உடைக்கிறவர் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார் என்றால் நம்புங்கள். ஞாயிற்றுக்கிழமை, மஃப்ளரும் மடித்துக் கட்டிய வேட்டியுமாக, சாமி பின்சீட்டில் ஏறிக்கொண்டார். பெண் மலையில் தனியாக மாட்டிக்கொண்டால் என்ன செய்வாள் என்று காரணம் சொன்னார். நான் என் சின்ன வண்டியில் பின்னால் போனேன். வித்துரா தாண்டியது. பனி வந்தது. நான் என் வண்டியைப் பார்க்கவில்லை, அவளுடைய இடது கையைத்தான் பார்த்துக்கொண்டே போனேன். ஒவ்வொரு வளைவிலும் இரண்டு விரல் மடங்கும், கியர் விழும், விரல் விரியும். கடைசி வளைவு வரை அப்படியே.

மேலே நிறுத்தியதும் கையுறையைக் கழற்றி விரல்களை விரித்து விரித்து மூடினாள், புதுசாகக் கிடைத்த சாமானைப் பார்ப்பது போல. நான் மேகத்தைப் பார்க்கிற மாதிரித் திரும்பி நின்றுகொண்டேன். "அப்பா, கை தாங்கிடுத்து. ஆனா உங்களுக்குப் பிடிக்கலைன்னா இப்பவே சொல்லுங்கோ, ஆபீஸ்ல கொடுத்துடறேன்" என்றாள். ஏறினதை மட்டும் வைத்து எப்படிச் சொல்வது, இறக்கத்தையும் பார்க்க வேண்டாமா என்றார் சாமி. இறங்கினோம். வித்துராவில் சாயாக்கடை முன்னால் மறுபடியும் கேட்டாள். அவர் மஃப்ளரைப் பிரித்து, மடித்து, மடியில் வைத்து, சாயாவை ஆற்றி, பாதி குடித்து, அப்புறம்தான் வாயைத் திறந்தார்.

"இறக்கத்துல நான் கண்ணை மூடிண்டுட்டேன், ஒண்ணையும் பாக்கலை. அடுத்த ஞாயிறு இன்னொரு தரம் ஏறி இறங்கினாத்தான் எதுவும் சொல்ல முடியும்."

ஊரில் எல்லாரும் அவரவர் வலது கையால் சாப்பிடுகிறார்கள், நான் மட்டும் இத்தனை காலமாகப் பிறத்தியார் இடது கையால் சாப்பிட்டுவருகிறேன், வயிறு நிறையவே.