சாவியில்லாமல் எரிந்த சிவப்பு விளக்கு

என் கணவர் ஜெயசிங் போன வருடம் ஓணத்துக்கு முந்தின வாரம் இறந்துபோனார். பெருங்கடவிளைச் சந்தையில் வாழைக்குலை ஏற்றிக்கொண்டு பாறசாலைக்கு வரும் வழியில் நெஞ்சு வலித்திருக்கிறது. பிக்கப்பை ஓரம் கட்டி, ஹேண்ட் பிரேக் போட்டு, சாவியையும் உருவிக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே ஸ்டியரிங்கில் சாய்ந்துவிட்டார். எதையும் ஒழுங்காக வைத்துவிட்டுப் போகிற மனுஷன். என்னிடம் மட்டும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அடக்கத்தில் நான் அழவில்லை. கல்லறைத் தோட்டத்தில் பெண்கள், "இவளுக்கு நல்ல விசுவாசம்" என்று பேசிக்கொண்டார்கள். விசுவாசமாவது ஒன்றாவது. சகோதரிகளே, எனக்கு உள்ளே எல்லாம் மரத்துப்போயிருந்தது.

அதன்பின் கொழுந்தன் ராஜன் வண்டியை ஓட்டினான். பழைய வண்டி. கொஞ்ச நாளில் காலையில் செல்ஃப் எடுக்காமல் போனது. தள்ளி ஸ்டார்ட் செய்வான். புது பேட்டரி மாட்டியும் அதே கதைதான். ஒர்க் ஷாப்புக்குக் கொண்டுபோனால், எஞ்சின் ஓடும்போது சார்ஜ் ஏறுகிறது, கோளாறு ஒன்றும் இல்லை என்றார்கள்.

ஒரு நாள் விடியுமுன் கோழிக்கூடு திறக்க முற்றத்துக்கு இறங்கினேன். மழை தூறிக்கொண்டிருந்தது. வண்டிக்குள் சிவப்பாக ஒரு வெளிச்சம். கிட்டே போய்ப் பார்த்தேன். பேட்டரி படம் போட்ட சின்ன விளக்கு மங்கலாக எரிகிறது. சாவி போட்டால் எரிந்து, எஞ்சின் ஓடினால் அணைகிற விளக்கு அது. சாவியோ என் அறையில் ஆணியில் தொங்குகிறது.

மறுநாளும் எரிந்தது. அதற்கடுத்த நாளும். விடிந்தபின் அந்த வெளிச்சம் தெரியாது, அதனால் ராஜன் பார்க்கவில்லை. நான் தினமும் இருட்டோடு போய் டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் உட்கார ஆரம்பித்தேன். அந்த விளக்கைப் பார்த்து வீட்டு விசேஷமெல்லாம் சொல்வேன். சோறு இறங்கவில்லை. அவர் என்னைக் கூப்பிடுகிறார் என்று நம்பினேன். போகவும் தயாராகிவிட்டேன்.

இதை யாரிடம் சொல்வது? இறந்தவர்கள் திரும்பி வருவதில்லை என்று ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவளே நான்தான்.

ஒரு நாள் ஜெபக்குழு நடத்தும் தங்கம் அக்கா என்னை வண்டிக்குள் கண்டுபிடித்துவிட்டார். விளக்கையும் பார்த்தார். அன்றே உபவாச ஜெபம் ஆரம்பித்தது. ஜெபம் முடியும்வரை வண்டியைத் தொடக் கூடாது என்று ராஜனுக்குக் கட்டளை. பெண்கள் வண்டியைச் சுற்றி நின்று மழையில் நனைந்துகொண்டு ஜெபித்தார்கள். கடைசி நாள் காலையில் விளக்கு எரியவில்லை. "பிசாசு இறங்கிப் போச்சு மக்கா" என்று தங்கம் அக்கா என்னைக் கட்டிக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை சபையில் ஸ்தோத்திரமும் ஏறெடுத்தார்கள்.

வண்டியை ஓட்டாமல் போட்டதில் பேட்டரி அடியோடு தீர்ந்துவிட்டது, அதனால்தான் விளக்கு எரியவில்லை என்று எங்களில் ஒருத்திக்கும் தோன்றவில்லை. தங்கம் அக்காவை நான் குறை சொல்ல மாட்டேன். எனக்காகப் பட்டினி கிடந்தவர் அவர்.

ராஜன் பேட்டரியைக் கழற்றிக் கொண்டுபோய் சார்ஜ் ஏற்றி மாட்டினான். மறுநாள் இருட்டோடு போய்ப் பார்த்தேன். எரிகிறது. பயமாக இருந்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, சந்தோஷமாகவும் இருந்தது.

அன்று ராஜன் சீக்கிரமே வந்து, தண்ணீர் பார்க்க பானெட்டைத் திறந்து வைத்துவிட்டுக் குடம் எடுக்கப் போனான். நான் சும்மா கை வைத்துப் பார்த்தேன். எஞ்சின் ஐஸ் மாதிரி கிடந்தது. பக்கத்தில் இருக்கிற, பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் டைனமோ மட்டும் சூடாக இருந்தது. காய்ச்சல்காரன் நெற்றியைத் தொட்ட மாதிரி, மனுஷச் சூடு.

அடுக்களைக்கு ஓடிப்போய் முழங்கால் போட்டேன். "ஆண்டவரே, அது அவர்தான் என்றால் என்னையும் எடுத்துக்கொள்ளும். இல்லை என்றால் இல்லை என்று காட்டும். நடுவில் கிடக்க எனக்குப் பெலன் இல்லை" என்று ஜெபித்தேன். சத்தம் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் அந்தச் சூட்டைப் பற்றி ராஜனிடம் சொல்ல வேண்டும் என்று மனதில் ஒரு பாரம் வந்தது. எழுந்து போனேன்.

"ராஜா, ராத்திரி வண்டி எடுத்தியா?"

"இல்லியே மைனி. எதுக்கு?"

"டைனமோ சூடாட்டு இருக்கு. சாவி இல்லாமலே உள்ள வெளக்கும் எரியுது. உனக்க அண்ணன் வாறாருன்னு நினைக்கேன்."

அவன் சிரிக்கவில்லை. அவனும் தொட்டுப் பார்த்தான். உதியன்குளங்கரையில் வண்டிகளுக்கு எலெக்ட்ரிக்கல் வேலை பார்க்கிற சுரேந்திரனைப் போனில் கூப்பிட்டு, நான் சொன்னதை அப்படியே சொன்னான்.

"ஸ்டார்ட் ஆக்கண்டாம். ஒண்ணும் தொடண்டாம். நான் இப்பம் வாறேன்" என்றார் அவர்.

இத்தனை நாளும் வண்டியைத் தள்ளி, ஓட்டித்தான் ஒர்க் ஷாப்புக்குக் கொண்டுபோனோம். அங்கே போய்ச் சேரும்போது எல்லாமே சூடாக இருக்கும். இந்தச் சூட்டை யார் கண்டுபிடிப்பது?

சுரேந்திரன் வந்ததும் முதலில் டைனமோவில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். "சேச்சி, இதுக்க உள்ள டயோடுன்னு ஒண்ணு உண்டு. கறண்டை வெளிய விடும், திரும்பி உள்ள விடாது. அது போச்சு. வண்டி சும்மா கிடக்கும்போ பேட்டரி கறண்டு முழுசும் திரும்பி உள்ள ஓடுது. சூடும் அதாக்கும், வெளக்கும் அதாக்கும்."

பேட்டரி இணைப்பை எடுத்துவிட்டு, டைனமோவின் தடித்த வயரைக் கழற்றி டேப் சுற்றினார். பிறகு பேட்டரியைத் திரும்ப இணைத்தார். நான் என் வழக்கமான இடத்தில் உட்கார்ந்து, வெளிச்சம் படாமல் கையால் மறைத்துப் பார்த்தேன். விளக்கு எரியவில்லை.

"ஒருக்கா திரும்ப மாட்டிக் காட்டுங்க" என்றேன். சுரேந்திரன் ராஜனைப் பார்த்தார். ராஜன் தலையசைத்தான். மாட்டினார். விளக்கு எரிந்தது.

என் கணவர் வேலைக்கு இறங்கும்போது ஒரு நாளும் நான் "போங்க" என்று சொன்னதில்லை. "போயிட்டு வாங்க" என்றுதான் சொல்வேன். அன்று அந்த விளக்கைப் பார்த்து, "போங்க" என்றேன்.

பிறகு சுரேந்திரனிடம் கழற்றச் சொன்னேன். விளக்கு அணைந்தது. அடக்கத்தில் வராத அழுகை அப்போது வந்தது. அந்த சீட்டிலேயே குனிந்து சத்தம் போட்டு அழுதேன். ராஜன் கிணற்றடியில் போய் நின்று அழுதான்.

புது டயோடு போட்டபின் வண்டிக்கு ஒரு தொந்தரவும் இல்லை. நான் லைசென்ஸ் எடுத்துவிட்டேன். சந்தைக்குப் பாதி நாள் நான்தான் ஓட்டுகிறேன். இன்றும் விடியுமுன் முற்றத்துக்கு இறங்கினால் கண் தானாக வண்டிக்குள் போகிறது. இருட்டுத்தான் தெரியும். அது வலிக்கத்தான் செய்கிறது. அந்த இருட்டிலும் என் ஆண்டவருக்கு ஸ்தோத்திரம் சொல்லிவிட்டுத்தான் வண்டியை எடுக்கிறேன்.

சகோதரிகளே, வெளியே சொல்ல வெட்கப்படுகிற பயம் உங்களுக்கும் இருக்கலாம். உள்ளதை உள்ளபடி ஆண்டவரிடம் சொல்லுங்கள். எழுந்து வந்து பக்கத்தில் இருக்கிற ஒருவரிடமும் சொல்லுங்கள். ஆண்டவர் பதில் கொடுப்பார். நான் கேட்டதற்கு அவர் "இல்லை" என்றுதான் பதில் சொன்னார். அன்று மத்தியானம் நான் வயிறு நிறையச் சோறு சாப்பிட்டேன்.