பாடகர் கொலையும் ஐந்து 'ஏன்'களும்

பென்னலூர் வாடகை அறையில் நாங்கள் நால்வர். எல்லோரும் கார் பாகம் செய்யும் கம்பெனியில் ஆபரேட்டர்கள். ஒரு ஞாயிறு மதியம் டிவியில், காரில் போகும்போது சுட்டுக் கொல்லப்பட்ட வெளிநாட்டுப் பாடகரைப் பற்றி ஆவணப்படம் ஓடியது. ஒரு மணி நேரம் இழுத்துவிட்டு, கொலையாளி யாரென்று இன்றும் தெரியாது என்று முடித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கம்பெனியில் பாகம் பழுதானால் ஐந்து முறை 'ஏன்' கேட்டுக் காரணத்தை எழுதவேண்டும். காலண்டர் தாளைத் திருப்பிப்போட்டு அப்படியே கேட்டோம். ஏன் செத்தார்? குண்டு பட்டது. ஏன் பட்டது? கார் நின்றது. ஏன் நின்றது? சிக்னல். இப்படியே போய் ஐந்தாவது 'ஏன்' வந்ததும் என் கை பழக்கதோஷத்தில் எழுதியது: 'ஆபரேட்டரின் கவனக்குறைவு.'

வீட்டுக்காரம்மா எட்டிப் பார்த்து, "இன்னாபா, கொலகாரன் கெடச்சானா?" என்றார்.

"கெடச்சாச்சுக்கா," என்றான் எங்களில் திருநெல்வேலிக்காரன். "எப்பவும்போல நாங்கதான்."